நேர்ச்சை பாக்கி

மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த நாட்களில், 'இவர் பிழைத்து எழுந்தால் செருப்பில்லாமல் காற்றாடிமலை ஏறி வருகிறேன்' என்று, அந்த மலையில் உயிர்விட்ட புனித தேவசகாயத்திடம் அத்தை நேர்ந்திருந்தாள். மாமா பிழைக்கவில்லை. முப்பதாம் நாள் பூசை, வருஷப் பூசை எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் போனில், "எய்யா, என்னைய ஒரு எட்டு மலைக்குக் கூட்டிட்டுப் போ. நேர்ச்சை பாக்கி கெடக்கு" என்றாள்.

கேட்டது கிடைக்கவில்லை, பிறகு என்ன பாக்கி? நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை லீவு போடுதேன் அத்தை" என்றேன்.

அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. எங்கள் ஊர்க் கோயிலில் முப்பது வருஷத்துக்கு மேல் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவள். நானும் அவளிடம்தான் படித்தேன். 'சர்வேசுரனுடைய இலட்சணங்கள் எத்தனை?' என்று கேட்டால், வலது கைப் பெருவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு ஆறும் சொல்ல வேண்டும். தாமாயிருக்கிறார். துவக்கமும் முடிவும் இல்லாமலிருக்கிறார். சரீரமில்லாமலிருக்கிறார். அளவில்லாத சகல நன்மையும் உள்ளவராயிருக்கிறார். எங்கும் வியாபித்திருக்கிறார். எல்லாவற்றிற்கும் ஆதிகாரணமாயிருக்கிறார். இதில் நான்காவதை விட்டுவிட்டு நான் முட்டங்கால் போட்ட நாட்கள் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் டி நொபிலி என்ற தத்துவ போதகர் காலத்திலிருந்தே இந்த மண்ணில் காய்ச்சி வடித்த தமிழ் இது. இப்போதைய மறைக்கல்விப் புத்தகங்கள் எளிமையாகத்தான் இருக்கின்றன. ஆனால் 'தாமாயிருக்கிறார்' என்ற ஒற்றைச் சொல் அடைக்கிற இடத்தை அவை அடைப்பதில்லை.

ஆடி மாசம். வள்ளியூர் தாண்டியதுமே காற்று காரைப் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. முதலில் வடக்கன்குளம் போகச் சொன்னாள். "பொறந்த வீட்டைப் பாக்காம செத்த எடத்துக்குப் போவாகளா?" என்பது அவள் நியாயம்.

பிறந்த வீடு என்று அவள் சொன்னது ஞானஸ்நானத்தை. நிஜத்தில் தேவசகாயம், அப்போது பெயர் நீலகண்டன், பிறந்தது 1712இல், குமரி மாவட்டத்து நட்டாலத்தில். திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம். வீட்டில் மாடு கன்று சாவு, பொருள் நஷ்டம் என்று அடி மேல் அடி விழுந்து மனிதர் நொந்துபோயிருந்தபோது ஆறுதல் சொன்னவர் டிலனாய். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவின் படையைப் பழக்கிய டச்சுத் தளபதி. அவர் சொன்னது பைபிளில் வருகிற யோபுவின் கதை, சொத்தும் பிள்ளைகளும் பறிபோய்க் கடவுளோடு வாதாடின மனுஷனின் கதை. அதைக் கேட்டுத்தான் நீலகண்டன் வடக்கன்குளத்துக்கு வந்து, 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு பரஞ்சோதிநாதர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். இலாசர் என்ற பெயரின் பொருளை அப்படியே தமிழில் ஆக்கி, தேவசகாயம் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று வடக்கன்குளத்தில் நிற்கிற திருக்குடும்பக் கோயில் அதற்கு ரொம்பப் பிந்தியது. 1872இல் கட்டியபோது சாதிக்கொன்றாக இரண்டு தனி நடைகள் வைத்தார்கள். ஒரு சாதியார் மற்றவரைப் பார்க்காமல், பீடத்தை மட்டும் பார்க்கலாம். எங்கும் வியாபித்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடுவில் தடுப்பு வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள்தான். 1910இல் தடுப்பை இடித்ததும், அதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனார்கள். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதர் என்று அறிவித்தபோது, பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'பிள்ளை' இல்லை. இது தேவையா என்று முனகியவர்கள் என் உறவிலேயே இருக்கிறார்கள். அத்தையிடம் கேட்டேன். "தண்ணி ஊத்துனப்பவே அது கழுவிப் போயிட்டு. நாமதான் தொடச்சு எடுத்துத் திரும்ப ஒட்டிக்கிட்டோம்" என்றாள். பத்து நிமிஷம் முட்டங்கால் போட்டாள். கிளம்பினோம்.

காவல்கிணறு தாண்டினால் முப்பந்தல். ரெண்டு பக்கமும் காற்றாலைகள், கண்ணுக்கெட்டிய மட்டும். மேற்கு மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்து விட்டிருக்கிற வாய் வழியாக வருகிற காற்று. அந்த மலையும் காற்றின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

அடிவாரத்தில் வியாகுல மாதா கோயில். காரிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினாள். நான் மாட்டிக்கொண்டு இறங்கினேன். ஒரு பார்வை பார்த்தாள். கழற்றினேன்.

மலை என்று சொன்னாலும் பெரிய உயரம் இல்லை. ஆனால் பதினோரு மணி வெயில் பாறையில் ஏறியிருந்தது. நாலு படி ஏறுவாள், நிற்பாள், சேலை முந்தானையைக் காற்று தலைக்கு மேல் தூக்க, அதை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மறுபடி நாலு படி. கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிட்டாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. செபமாலை சொல்கிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். பெருவிரல் கணுவில் இருந்தது. "...சரீரமில்லாமலிருக்கிறார்..."

எனக்கு இந்த ஆறிலும் பெரிய மனத்தாங்கல் ஒன்று வெகுநாளாக உண்டு. ஆறையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். யாருடைய தயவும் வேண்டாதவர், காலத்துக்குள் அடங்காதவர், உடம்பில்லாதவர், குறைவில்லாதவர். முட்செடி நடுவே மோசேயிடம் "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று சொன்னவர். எல்லாம் சரி. நம்முடைய சகாயம் என்று ஓர் இலட்சணம் அதில் எங்கே? மாமா ஊசி குத்திக் குத்தித் தடித்த கையோடு படுத்திருந்தபோது எனக்கு வேண்டியிருந்தது அந்த ஏழாவதுதான்.

மேலே போனதும் மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லால் தட்டினால் வெண்கலச் செம்பைத் தட்டின மாதிரி கணீரென்று கேட்கிறது. பக்கத்துப் பாறையில் தட்டிப் பார்த்தேன்; அது வெறும் கல்லின் சத்தம். 1752 ஜனவரி 14 இரவு தேவசகாயத்தைச் சுட்டபோது பாறை ஒன்று உருண்டு விழுந்து மணிபோல் ஒலித்தது என்பது இங்கே பரம்பரையாகச் சொல்கிற கதை. கடைசியாக அவர் முழங்காலிட்டுச் செபித்த தடம் என்றும் பாறையில் காட்டுகிறார்கள். அத்தை அந்தத் தடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

1749இல் பிடித்தார்கள். எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய் அரைத்துப் பூசினார்கள். விலங்கோடு மரத்தில் கட்டிப் போட்டார்கள். மதத்துக்காக அல்ல, அரசு விவகாரத்துக்காகத் தண்டித்தார்கள் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. காரணம் எதுவாகட்டும், மூன்று வருஷம் பட்ட அடி அடிதான். தேவனே சகாயம் என்று பெயர் வைத்துக்கொண்ட மனுஷனுக்கு அந்த மூன்று வருஷத்தில் சகாயம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது?

இதை அத்தையிடம் இந்தத் தடவை கேட்டேவிட்டேன். காற்றில் ரெண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

"மூணாவது என்னது?" என்று திருப்பிக் கேட்டாள், வகுப்பில் கேட்பது மாதிரியே.

"சரீரமில்லாமலிருக்கிறார்."

"அப்போ சிலுவையில ஆணி எதுல அடிச்சாவ?"

சட்டென்று பதில் வரவில்லை. படித்தது எல்லாம் ஞாபகம் வந்தது. 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் கிறிஸ்து மெய்யான தேவன் என்றது. 451இல் கால்செதோன் சங்கம் அவர் மெய்யான தேவனும் மெய்யான மனிதனும், இரண்டு சுபாவமும் ஒன்றோடொன்று கலக்காமலும் பிரியாமலும் ஒரே ஆளில் இருக்கின்றன என்றது. தேவ சுபாவத்துக்கு வலி இல்லை, எடுத்துக்கொண்ட மனித சுபாவத்தில் வலியை அவரே பட்டார். இதை நானே பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். ஆனால் சரீரமில்லாதவர் என்ற வரிக்குப் பக்கத்தில் ஆணியை வைத்து ஒருநாளும் பார்த்ததில்லை. ஒன்றும் தேவைப்படாதவர் ஒரு உடம்பைத் தேவைப்படுத்திக்கொண்டார் என்றால், அந்த ஆறும் அவர் எவ்வளவு தூரத்திலிருந்து இறங்கி வந்தார் என்று காட்டுகிற கணக்கு. தாமாயிருக்கிறவருக்கு நம்மை மீட்பதால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. அதனால்தான் அது இலவசம். அதனால்தான் அதற்குக் கிருபை என்று பெயர். இல்லாவிட்டால் வியாபாரம்.

என்னோடு வேலை பார்க்கும் சி.எஸ்.ஐ. என்கிற புரொட்டஸ்டன்ட் சபை நண்பர் ஒருவர், "நீங்க இரட்சிக்கப்பட்டுட்டீங்களா?" என்று அடிக்கடி கேட்பார், சாப்பிட்டீங்களா என்று கேட்பது மாதிரி. எந்தத் தேதியில் என்று சொல்லச் சொல்வார். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் அது தேதி போட்டு முடிந்த காரியம் இல்லை; ஞானஸ்நானத்தில் தொடங்கி, சாகிற வரைக்கும் நடப்பது. ஆனாலும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட அறிக்கை, மனிதன் நீதிமானாவது அவன் புண்ணியத்தால் அல்ல, கிருபையால்தான் என்று ஒத்துக்கொள்கிறது. நண்பரிடம் சொன்னேன். "அப்போ ஏன் நேர்ச்சை, மெழுகுவர்த்தி எல்லாம்?" என்றார். நல்ல கேள்வி.

அந்தக் கேள்வியையும் அத்தையிடம் போட்டேன். "மாமாவுக்குச் சரியாகலயே. இந்த நேர்ச்சை எதுக்கு?"

தண்ணீர் பாட்டிலை வாங்கி ரெண்டு மடக்குக் குடித்தாள். "யோபுக்கும்தான் செத்த பிள்ளைய திரும்ப வரல. வேற பிள்ளையதான் வந்துச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "நான் அவர்ட்ட கோவமாத்தான்யா இருக்கேன். கோவத்தோட வந்து ஏறுனா ஏறுனது இல்லன்னு ஆயிருமா?" என்றாள்.

யோபுவும் கோபக்காரன்தான். முப்பத்தைந்து அதிகாரம் வாதாடி முடித்த பிறகு, "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று பெருங்காற்றிலிருந்து பதில் வருகிறது. ஆறாவது இலட்சணம், ஆதிகாரணம், அவ்வளவுதான். ஏன் என்பதற்குப் பதிலே இல்லை. ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே, குப்பையில் உட்கார்ந்து ஓட்டால் சொறிந்துகொண்டிருந்த அதே மனுஷன், "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொல்லிவிடுகிறான். எந்த ஆதாரத்தில் சொன்னான் என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. டிலனாய் அந்த வரியை எந்தப் பாஷையில், எப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன். அத்தையின் பாதத்தில் ரெண்டு இடத்தில் கொப்புளம்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. மலையில் கிடந்த உடலின் மிச்சத்தை எடுத்துவந்து இங்கேதான் பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள். அத்தை கல்லறைமேல் கையை வைத்தபடி நின்றாள். நான் பின்பெஞ்சில் அரைமணி நேரம் தூங்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளியே வந்து பூசைக்கு எழுதிக் கொடுக்கிற இடத்துக்குப் போனாள். எழுதுகிற தம்பி தலையைத் தூக்காமல், "என்ன கருத்து?" என்றான்.

"நன்றிப் பூசை."

"யார் பேர்ல?"

மாமா பெயரைச் சொன்னாள்.

எழுதிவிட்டு, "நோய் சுகமானதுக்கா பாட்டி?" என்றான்.

"இல்லய்யா. அவுக எறந்துட்டாவ."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். எழுதினதை அடித்தான். "அப்போ ஆத்துமப் பூசைன்னுல்லா போடணும்."

"அதையும் போடு. நன்றியை அடிக்காத."

"ரெண்டுக்கும் தனித்தனி ரசீதுதான் பாட்டி வரும்."

அத்தை இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, இன்னொரு நூறு ரூபாய்த் தாளைப் பிரித்து, கசங்கல் போக மேஜைமேல் தேய்த்து வைத்தாள்.