புறக்கோள் பாடம்: பந்தைக் காட்டாதீர்கள்

வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை விளக்க, ஒரு விளக்கின் முன்னால் நூலில் கட்டிய பந்தைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். அதே சோதனையைச் செய்யுங்கள். பந்தை மட்டும் மாணவர்கள் கண்ணில் காட்டாதீர்கள். இதுவரை கண்டுபிடித்த புறக்கோள்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் நேரில் பார்த்ததில்லை. கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி குறைவதை வைத்தே பெரும்பாலும் அவற்றைக் கண்டுகொள்கிறார்கள். அந்த அனுபவம் மாணவர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

சுமார் 10 செ.மீ. விட்டமுள்ள பால்வெள்ளை உருண்டை விளக்கு, 3 செ.மீ. பந்து, ஆண்ட்ராய்டு போன், அதில் ஒளியை அளக்க ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி போதும். அறையை நன்றாக இருட்டாக்குங்கள். போன் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், பந்து விளக்கை ஒட்டியே சுற்றட்டும். பந்து போன் பக்கம் நகர்ந்தால் கூடுதலாக மறைத்துக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒளி உணரி பெரும்பாலும் போனின் முன்பக்க மேல் விளிம்பில் இருக்கும், அதனால் திரை விளக்கைப் பார்த்தபடி நிற்கும். செயலியின் வரைபடத்தை வைஃபை வழியாக மடிக்கணினியில் திறந்துகொள்ளலாம். விளக்குக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டை.

முழு ஒளியை 100 என்று வைத்தால், வரைபடத்தின் கோடு 100-இலிருந்து 91-க்குப் பக்கத்தில் இறங்கி மறுபடி ஏறும். "கோள் எவ்வளவு பெரிசு?" என்று கேளுங்கள். "விண்மீனில் 9 சதவீதம்" என்றுதான் முதல் பதில் வரும். உடனே திருத்தாமல் விட்டுவிடுங்கள். மறைவது வட்டின் பரப்பு, ஆகவே விட்டத்துக்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். 0.09-இன் வர்க்கமூலம் 0.3. அப்புறம் அட்டையை எடுத்துப் பந்தை அளக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்து முகங்களுக்காகவே இதைச் செய்யலாம்!

வியாழன் சூரியனை மறைத்தால் ஒளி 1 சதவீதம் குறையும். பூமி என்றால் அந்த விளக்கின் முன் ஒரு கசகசா விதைதான், 0.01 சதவீதம்கூடக் குறையாது. விதையை ஆளுக்கொன்றாகக் கையில் கொடுங்கள். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி இவ்வளவு சிறிய சரிவைத்தான் தேடியது.

நேரமிருந்தால் பந்தின் பாதையைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். கோள் சுற்றிக்கொண்டே இருக்கும், கோடு அசையாது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பூமி சூரியனைக் கடப்பது தெரியும் வாய்ப்பு ஏறத்தாழ 200-க்கு 1. 1995-இல் வானியலாளர்கள் மேயரும் கெலோவும் 51 பெகாசி என்ற விண்மீனின் கோளைக் கண்டது, கோளின் ஈர்ப்பால் அந்த விண்மீன் தள்ளாடுவதை வைத்து. அதற்கு வேறு சோதனை வேண்டும், இன்னொரு பீரியட் ஒதுக்கிவிடுங்கள்.