பின் அச்சின் ஆயில் சீல்: இரண்டாம் முறை

சென்ற மாதம் நானே மாற்றிய ஆயில் சீல் (சுழலும் அச்சு தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம்) மூன்று வாரத்திற்குள் மீண்டும் கசியத் தொடங்கிவிட்டதால், இந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்பாவின் காருக்கடியில்தான் கழிந்தது. கார் டொயோட்டா கொரோலா கே.இ.70, பின்சக்கர இயக்கமும், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சுக்கூடும் கொண்டது. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பெஸ்தாரி ஜெயாவில், அதாவது எங்களில் பலர் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், செம்பனைக் காட்டை ஒட்டிய மண்பாதையில்தான் அது நாள்தோறும் ஓடுகிறது.

முதல் முறை இடது பின்சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக நனைந்திருந்ததும், கைபிரேக்கின் பிடிப்பு தளர்ந்ததும்தான் அறிகுறிகள். கசிவது பிரேக் எண்ணெயா, கியர் எண்ணெயா என்று அறிய, விரலில் தொட்டுத் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் நீரில் கரைந்துவிடும்; இதுவோ திட்டுத்திட்டாக மிதந்ததோடு, கியர் எண்ணெய்க்கே உரிய கந்தக வாடையும் வீசியது. ஆகவே சீல்தான் என்று முடிவுகட்டி மாற்றினேன். அன்று பழைய சீலைத் திருப்புளியால் நெம்பும்போது, அது அமரும் உள்வட்டத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. மீண்டும் கசிந்தபோது அந்தக் கீறலே காரணம் என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

இம்முறை புதிய சீலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதும், அச்சுக்கூட்டின் சூடு ஆறுவதற்குள் வேலையைத் தொடங்கினேன். எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றுமுன் நிரப்பும் திருகைக் கழற்றிவிடுவது என் வழக்கம். மேல் திருகு துருப்பிடித்து அசைய மறுத்தால், வடித்த எண்ணெய்க்கு ஈடாகப் புதிய எண்ணெயை ஊற்ற வழியில்லாமல் போகும். அந்தத் திருகு தளர்ந்ததுமே ‘புஸ்’ என்று காற்று வெளியேறியது. விளக்குப் பிடித்துக்கொண்டிருந்த அக்காள் மகன், “என்ன மாமா, டயர் பஞ்சரா?” என்று கேட்டான்.

அச்சுக்கூட்டின் மேற்புறத்தில், மூடி போட்ட ஒரு சிறு காற்றுப்போக்கி உண்டு. அதைத் தேடித் துடைத்தபோது, மூடியும் குழலும் ஒன்றாகச் சேறு இறுகிக் கல்லாகியிருந்தன. ஓட்டத்தில் கூட்டின் உட்புறம் 30 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடேறினால், வெளியேற வழியற்ற காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடும். அந்தக் காற்று எண்ணெயைத் தள்ளும் இடம் சீலின் மெல்லிய உதடு, அதாவது தண்டைத் தழுவும் உள்விளிம்புதான். போக்கியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதினால் காற்று தடையின்றிப் போகும்வரை சுத்தம் செய்தேன். சென்ற மாதமே இதைப் பார்த்திருந்தால் ஒரு சீலும் ஒரு செட் பிரேக் ஷூவும் மிச்சமாகியிருக்கும்.

மற்ற வேலைகள் பழகியவையே. கைபிரேக்கை விட்டால்தான் பின் டிரம் கழலும் என்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்து, வண்டியை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தினேன். டிரம்மிலுள்ள இரண்டு மரைத் துளைகளில் 8 மி.மீ. போல்ட்டுகளை மாற்றி மாற்றி முடுக்க, டிரம் தானே வெளியே வந்தது. பழைய பிரேக் தூசியில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும் என்பதால் ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு அச்சு தண்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளைக் கழற்றி, டிரம்மைத் தலைகீழாகத் தளர்வாக மாட்டி, அதையே பிடியாகக் கொண்டு வெடுக்கென்று இழுத்ததில் அச்சு தண்டு பேரிங்கோடு வெளியே வந்தது. இதற்கென்றே இழுசுத்தியல் ஒன்று போமன் (மெக்கானிக்) கடையில் இரவல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது.

கழற்றிய சீலின் உதடு மிருதுவாகவே இருந்தது, சுருள்வில்லும் இடம் பெயரவில்லை. எனினும் ஒருமுறை நெம்பிய சீலை மீண்டும் போட மனம் வரவில்லை. வில் தெரியும் பக்கத்தை எண்ணெயை நோக்கித் திருப்பி, உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, பொருத்தமான பி.வி.சி. குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினேன். தண்டைத் திரும்பச் செலுத்துகையில் அதன் பற்கள் புதிய உதட்டை உரசாதபடி தூக்கிப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே கை நடுங்கும் இடம். எண்ணெய் குடித்த ஷூக்களைப் பெட்ரோலில் கழுவியும் பயனில்லை, சூடேறினால் மறுபடியும் கசியும். எனவே பிடிப்பு சமமாக இருக்க இருபக்கமும் புதியவற்றைப் போட்டேன். இறுதியாக ஜி.எல்.5 தரத்து 90 எண் கியர் எண்ணெயை, நிரப்பும் துளையின் விளிம்பில் வழியும்வரை ஊற்றினேன்.

கோலசிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் போய்வந்த பிறகு, நேற்று மாலை மறுபடியும் குனிந்து பார்த்தேன். இடது பக்கம் காய்ந்திருக்கிறது. வலது சக்கரத்தின் உட்புறத்தில் மட்டும் விரலில் ஒட்டும் அளவுக்கு ஈரம் தெரிகிறது. இத்தனை நாள் அழுத்தத்தைத் தாங்கியது அந்தச் சீலும்தான். அதற்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.