நாலு பேரில் ஒருவருக்குத்தான் கல்லறை

ஆடி அமாவாசைக்கு வெள்ளவத்தைக் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அம்மம்மா கொண்டுபோன பூவில் ஒரு பிடியை ஒதுக்கி வைத்து, அதைக் கடைசியாகத் தண்ணீரில் விடுவார். "அந்தப் பிள்ளைகளுக்கு" என்பார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அவர் சின்னப் பிள்ளை. ஒரு பிளேன் கடலில் விழுந்ததாம், உள்ளே நாலு பேராம், ஒருவரை மட்டும் தோணிக்காரர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்களாம், அவருடைய ஒரு காலில்தான் சப்பாத்து இருந்ததாம். அம்மம்மா போன பிறகு அந்தப் பூவை நான் விடத் தொடங்கினேன். அப்போதுதான், யாருக்கு விடுகிறேன் என்று பெயராவது தெரிய வேண்டாமா என்று மனம் அரிக்கத் தொடங்கியது.

வீட்டில் எல்லோரும் அது ஜப்பான்காரன் குண்டு போட்ட நாளில் நடந்தது என்றே சொல்வார்கள். அதை நம்பி 1942 ஏப்ரல் 5ஐச் சுற்றியே மாதக்கணக்கில் தேடினேன். அன்று கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைப் பக்கம் பிரித்தானியரின் ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன, அவர்களுடைய ஹரிக்கேன் சண்டை விமானங்களும் போயின. ஆனால் ஹரிக்கேனில் ஒருவர்தான் இருப்பார், ஸ்வோர்ட்ஃபிஷில் மூன்று பேர். நாலு பேர் என்ற கணக்கு எதிலும் பொருந்தவில்லை. அம்மம்மா எண்ணிக்கையில் பிழை விடுகிற ஆள் இல்லை. அப்படியானால் நாள்தான் பிழை.

நடுவில் ஓர் அரச அலுவலகத்தில் பழைய மரணப் பதிவு கேட்கப் போனேன். மூன்று கவுண்டர் மாற்றிவிட்டு, "நீங்கள் அவர்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் திரும்பி வந்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சரி, வழி திறந்தது பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் இணையத் தேடலில்தான். இதே போலத் தேடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் இலங்கை, விமானப் படை என்று தெரிவு செய்து, வந்த பெயர்களைத் திகதி வாரியாக அடுக்கினேன். ஒரே நாளில் மூன்று, நாலு பேர் இருந்தால் அது பெரும்பாலும் ஒரே விமானம். அப்படி வந்த எதுவும் என் கதையோடு ஒத்துவரவில்லை. பிறகுதான் உறைத்தது, உடல் கிடைக்காதவர்களின் பெயர் இலங்கையில் இருக்காது. இந்தப் பக்கத்துக் கடல்களில் காணாமல் போன விமானப் படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில், கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவரில் இருக்கின்றன, 24,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு. எனவே கொழும்பில் தனியாகப் புதைக்கப்பட்டிருந்த ஒவ்வொருவருடைய திகதியையும் எடுத்து, நாட்டை நீக்கிவிட்டு, அந்தத் திகதியை மட்டும் போட்டுத் தேடினேன். ஏழாவது திகதியில் அகப்பட்டது. கொழும்பில் ஒருவர், சிங்கப்பூரில் மூவர், நாலு பேருக்கும் ஒரே ஸ்குவாட்ரன், அதாவது ஒரே விமானப் படைப் பிரிவு. கை நடுங்கியது.

அது பியூஃபோர்ட். இரட்டை எஞ்சின், கப்பல்களைத் தாக்கத் தண்ணீருக்குள் பாயும் டோர்பிடோ குண்டைப் போடும் விமானம், நாலு பேர் போவார்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.ஐ.ஆர். 27 வரிசையில்தான் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகள் இருக்கின்றன. அதைக் காசு கட்டி இறக்கிப் பார்த்தால் ஒரே ஒரு வரி: பயிற்சிப் பறப்பு, கடலில் வீழ்ந்தது. சண்டைக்குப் போயிருந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். பயிற்சியில் செத்தவர்களுக்கு ஒரு வரிதான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. டோர்பிடோ போடப் பழக, தண்ணீரை ஒட்டி நூறடிக்கும் கீழே நேராகப் பறக்க வேண்டும். கடல் அலையில்லாமல் கண்ணாடி போலக் கிடந்தால் உயரம் கண்ணுக்குப் பிடிபடாது. விபத்து அட்டையில் காரணம் அதுதான். அந்த அட்டைகளை லண்டன் ஹெண்டனில் உள்ள பிரித்தானிய விமானப் படை அருங்காட்சியகம் வைத்திருக்கிறது, மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன்.

நால்வரில் ஒருவர் ஆஸ்திரேலியர். அது பெரிய உதவியாகிவிட்டது. ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ705 என்ற வரிசையில் விமானப் படையில் இறந்தவர்களின் கோப்புகள் இருக்கின்றன, பலவற்றை வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். தந்தி, கட்டளை அதிகாரியின் கடிதம், இறந்தவருடைய பொருட்களின் பட்டியல். ஒரு பவுண்டன் பேனா, டென்னிஸ் சப்பாத்து ஒரு சோடி. அப்புறம் தாயார் கையால் எழுதிய ஒரு கடிதம். மகன் விழுந்த இடத்தில் கடல் எவ்வளவு ஆழம் என்று கேட்டிருக்கிறார். கோப்பில் அதற்குப் பதில் இல்லை.

கல்லறை கொழும்பின் பெரிய மயானமான பொரளை கனத்தையில்தான் இருக்கும் என்று நினைத்துப் போய் ஒரு காலையை வீணாக்கினேன். அது இருந்தது கொழும்பிலேயே லிவரமெந்து மயானத்தில். அங்கே பராமரிக்கும் ஐயா என் கையிலிருந்த இலக்கத்தைப் பார்த்துவிட்டு நேரே கூட்டிப் போனார், யார், ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. புல் ஒட்ட வெட்டியிருந்தது. வயது இருபத்தொன்று.

இந்த ஆடி அமாவாசைக்கு நாலு பெயரையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் நால்வரும் ஒரே இடத்தில் சேர்ந்தது அந்தத் தாளில்தான் என்று நினைக்கிறேன். சத்தமாக வாசித்தேன். மூன்றாவது பெயரில் பாணந்துறை ரயில் இரைந்துகொண்டு போனது. அது போகும்வரை நின்று, முதல் பெயரிலிருந்து திரும்ப வாசித்தேன்.