நீலத் தொப்பி கிளம்பிப் போகும் நாள்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் மாமா, 1966-இல் இந்திய ராணுவத்திலிருந்து ஐ.நா. அமைதிப்படைக்கு அனுப்பப்பட்டு காஸாவில் பணியாற்றியவர். சென்ற வாரம் அவர் தகரப்பெட்டியைத் திறந்து ஒரு நீலத் தொப்பியை என் கையில் கொடுத்தார். வெளுத்துப்போன அதன் உட்பட்டையில் வியர்வைக் கறை இன்னும் அப்படியே இருந்தது. "சண்டை போடறது இல்லப்பா, நடுவுல நிக்கறதுதான் எங்களுக்கு வேலை" என்றார்.

1956-இல் இஸ்ரேலோடு சேர்ந்து எகிப்தைத் தாக்கிய சூயஸ் போரின்போது பிரிட்டனும் பிரான்சும் பாதுகாப்பு அவையில் வீட்டோவை (நிரந்தர உறுப்பு நாடு ஒன்றே தீர்மானத்தை வீழ்த்தும் உரிமை) பயன்படுத்தியதால், பொதுச்சபை கூடி உருவாக்கிய படை அது. பத்தாண்டுகளுக்கு மேல் எகிப்து-இஸ்ரேல் எல்லையில் பெரும்போர் மூளவில்லை. 1967 மே மாதம் எகிப்து அந்தப் படையை வெளியேறச் சொன்னது, ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் இசைந்தார், ஜூன் 5 அன்று போர் வெடித்தது. அதற்குள் எல்லோரும் கிளம்பியிருக்கவில்லை. இந்திய வீரர்கள் சிலர் அங்கேயே உயிரிழந்தனர். அதைச் சொல்லும்போது மாமா தொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

ஐ.நா.வால் என்ன பயன் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வீட்டோவையே காட்டுகிறார்கள். அது நியாயம்தான்: 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் தொடர்பான தீர்மானத்தைப் பதினொரு நாடுகள் ஆதரித்தும் ரஷ்யாவின் ஒற்றை வாக்கு அதை வீழ்த்தியது. ஆனால் 1994-இல் ருவாண்டாவில் படுகொலை நடந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த சுமார் 2,500 பேர் கொண்ட படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு அவை முடிவெடுத்ததே, அதற்கு எந்த வீட்டோவும் காரணமில்லை.

கிளிநொச்சியை நம்மால் மறக்க முடியாது. 2008 செப்டம்பரில் பாதுகாப்புக்கு உத்தரவாதமில்லை என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. பணியாளர்கள் கிளம்ப ஆயத்தமானார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அலுவலக வாசலில் திரண்டு மன்றாடினார்கள், ஆனாலும் வாகனங்கள் புறப்பட்டுவிட்டன. அதன்பின் வன்னியில் நடந்ததை அருகிருந்து பார்த்துச் சொல்ல வெளியார் மிகச் சிலரே இருந்தனர். சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள் ஆய்வே, அந்த அமைப்பு தன் கடமையில் தவறியதை 2012-இல் ஒப்புக்கொண்டது.

போரைத் தொடங்கத் துணிந்த வல்லரசை எந்தச் சபையாலும் தடுக்க முடியாமல் போகலாம். இருக்கிற இடத்தை விட்டுப் போகாமலிருப்பது அதைவிடச் சிறிய காரியம், அதை அந்தச் சபையால் செய்ய முடியும். ஒரு நாட்டின் அரசு சொன்ன மாத்திரத்தில் மூட்டை கட்டாமல், வெளியேறும் முடிவைப் பாதுகாப்பு அவையில் வெளிப்படையாக வாக்குக்கு விட்டு, யார் யார் கை தூக்கினார்கள் என்பதை அந்த வாசலில் நின்ற மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.