வாடகை சைக்கிள்: இருக்கிறது, ஆனால் இங்கே இல்லை

கைப்பேசிச் செயலியில் பார்த்து எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் விட்டுவிட்டுப் போகலாம் என்கிற வாடகை சைக்கிளில் அந்த இரண்டாவது வசதிதான் தலைவலியே. காலையில் எல்லோரும் ரயில் நிலையத்தைப் பார்த்து மிதிக்கிறார்கள், எட்டரைக்கெல்லாம் நிலைய வாசலில் கால் வைக்க இடமிருக்காது, குடியிருப்புத் தெருவில் ஒன்றுகூட மிஞ்சாது. மேட்டுப் பகுதி என்றால் இன்னும் மோசம். இறங்க மட்டும்தான் ஓட்டுவார்கள். பாரிஸின் வெலிப் (அது குறிப்பிட்ட ஸ்டாண்டுகளில் எடுத்து, ஸ்டாண்டுகளிலேயே விடுகிற வாடகை சைக்கிள் சேவை) மேட்டில் கொண்டுபோய் விடுகிறவர்களுக்கு 15 நிமிட இலவச ஓட்ட நேரத்தைப் போனஸாகவே கொடுத்தது.

பற்றாக்குறை என்றதும் இன்னும் நாலு லாரி சைக்கிளை இறக்குவது சோம்பேறி வைத்தியம். சீனாவில் ஓஃபோ, மோபைக் என்கிற வாடகை சைக்கிள் கம்பெனிகள் போட்டி போட்டு இறக்கித் தள்ளியதில், 2017-இல் ஷாங்காயும் பெய்ஜிங்கும் புது சைக்கிளுக்கே தடை போட்டன. புதிதாக வந்ததும் எல்லோரும் போகிற திசையில்தானே போகும்? குவியல்தான் பெருக்கும்.

எனக்கு இதில் சுவாரசியமே, எந்தத் தெருவுக்கு எத்தனை சைக்கிள் தேவை என்கிற கணக்குதான். ஒரு தெருவில் நேற்று மூன்று சவாரி என்று காட்டுகிறது, சரி, அங்கே இருந்ததே மூன்று சைக்கிள், ஏழு மணிக்கே தீர்ந்துவிட்டது. அப்புறம் வந்தவர் செயலியைத் திறந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டியிருப்பார், அவர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அந்த மூன்றை நம்பி நாளைக்கும் மூன்றே வைத்தால் அந்தத் தெருவுக்கு விடிவே கிடையாது. சவாரியை நாள் முழுவதற்கும் வகுக்காமல், சைக்கிள் இருந்த நேரத்துக்கு மட்டும் வகுத்துப் பார்க்க வேண்டும்; செயலியைத் திறந்துவிட்டு எடுக்காமல் போனவர்களையும் எண்ண வேண்டும்.

இதற்கு நேரெதிர், வரைபடத்தில் மட்டும் இருக்கிற சைக்கிள். செயின் அறுந்து கிடக்கும், ஆள் மாற்றி ஆள் பூட்டைத் திறந்து ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டுப் போவார்கள், செயலியோ 'கைவசம் உள்ளது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதே இடத்தில் அடுத்தடுத்து ஒரு நிமிடச் சவாரிகள் என்றால் வண்டி பழுது என்று தானாகவே கணக்கிலிருந்து கழித்துவிடலாம். இதைச் செய்யாமல் எவ்வளவு பெரிய கணிப்பு மென்பொருள் போட்டும் பிரயோஜனமில்லை.

எல்லாக் குவியலையும் அள்ளவும் தேவையில்லை. நிலைய வாசலில் குவிந்ததில் பெரும்பகுதி சாயங்காலம் அதே ஆட்களோடு வீடு திரும்பிவிடும், லாரி டீசலை வீணாக்க வேண்டாம். திரும்பாத மிச்சத்தை ராத்திரியில் எடுத்தால் போதும். சந்துக்குள் ஒற்றையாகக் கிடப்பதற்கு லாரி சரிப்படாது, ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டினாலே ஊழியர் பக்கத்துச் சந்தில் தேடிக்கொண்டிருப்பார். அதை வெளியே ஓட்டிவருகிறவருக்குக் கட்டணத்தில் சலுகை கொடுப்பதுதான் மலிவு.