ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே உறுமிய ஹீட்டர்

குளியலறைச் சுடுதண்ணீர் ஹீட்டரின் டேங்க் அதிர்கிறது, சத்தம் போடுகிறது என்று சொன்னால் சிங்கப்பூரில் பாதிப் பேர் தரும் பதில் ஒன்றுதான்: "பழசாயிடுச்சு, மாத்திடுங்க." எங்களுக்கும் அதையேதான் சொன்னார்கள். நாங்கள் மாற்றவில்லை. அதே டேங்க்தான் இன்னும் ஓடுகிறது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு எப்போது வருகிறது என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எங்களுக்கு வழி தெரிந்தது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) ஒரு பழைய புளோக்கின் மேல்மாடியில் இருக்கிறது. சமையலறையை ஒட்டிய பாத்ரூமில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே 25 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டர் படுத்த வாக்கில் மாட்டியிருக்கிறது. திடீரென்று ஒரு நாள் காலையில் அங்கிருந்து "டர்ர்ர்" என்று ஓர் உறுமல். சீலிங் பலகை அதிர்ந்தது, ஷாம்பு பாட்டில் அலமாரியில் நகர்ந்தது. "யாரோ பழைய டிவிஎஸ் மொபெட்டை ஸ்டார்ட் பண்ணிக்கிட்டே இருக்காங்கப்பா" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (மாமி) லிஃப்டில் என்னைப் பார்த்து, வீட்டில் டிரில் போடுகிறீர்களா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். காலை 9 மணிக்கு முன்னால் வீவக வீடுகளில் டிரில் போடக் கூடாது. எங்கள் வீட்டுச் சத்தம் ஆறரைக்கே ஆரம்பித்துவிடும். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் புகாரும் கலந்திருந்தது.

முதலில் ஒரு கடையிலிருந்து ஆள் வந்தார். டேங்கை இரண்டு தட்டு தட்டினார். உள்ளே உப்புப் படிந்துவிட்டது, புது டேங்க் போட்டுவிடலாம் என்று சில நூறு வெள்ளிக்கு விலையும் சொல்லிவிட்டார். உப்புப் படிவத்தால் ஹீட்டர் சத்தம் போடுவது உண்மைதான். தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் சுண்ணாம்புப் பொருக்கு படிந்தால், அதற்கு அடியில் சிக்கிய தண்ணீர் கொதித்துக் குமிழ்குமிழாக வெடிக்கும். தாம்பரத்தில் என் சித்தப்பா வீட்டில் போர் தண்ணீர். அவருடைய ஹீட்டர் காயிலைக் கழற்றியபோது வெள்ளைப் பொருக்கில் காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல, உப்பு குறைவு. அதைவிட முக்கியமான விஷயம், உப்புச் சத்தம் டேங்க் சூடாகும்போது மட்டும்தான் வரும். எங்கள் சத்தம் அப்படித்தானா என்று அந்த ஆள் கேட்கவே இல்லை. அதனால் யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நாங்களே பார்க்க ஆரம்பித்தோம். தேக்கா நகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், சத்தம் வந்த நேரத்தையும் அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் குறித்து வைத்தோம்.

முதல் சோதனை சுலபமானது. பாத்ரூமுக்கு வெளியே உள்ள ஹீட்டர் சுவிட்சை இரவே அணைத்துவிட்டேன். காலையில் சுவிட்சைத் தொடாமல் சுடுதண்ணீர்ப் பக்கம் குழாயைத் திருப்பினேன். டேங்கில் இருந்தது ஆறிய தண்ணீர், ஆனாலும் அதே உறுமல். கொதிப்பதோ கரண்ட்டோ காரணமில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்தால் சத்தமே இல்லை. சுடுதண்ணீரை முழுக்கத் திறந்தாலும் இல்லை. பாதி திறந்தால்தான் டர்ர்ர். ஞாயிறு மதியம் அதே பாதித் திறப்புக்கு லேசான முனகல்தான் வந்தது, வேலை நாளில் காலை ஆறரைக்கு சீலிங்கே அதிர்ந்தது. எங்கள் புளோக்கில் மேல்மாடிகளுக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகத் தண்ணீர் வருகிறது. காலையில் எல்லா வீட்டிலும் குளிக்கும்போது பம்ப் நின்று நின்று ஓடும், குழாயில் அழுத்தமும் ஏறி இறங்கும்.

தாள்களை அடுக்கிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பாத்ரூமில் யாருமே இல்லாத மதிய நேரத்திலும் சில பதிவுகள் இருந்தன. வீட்டிலிருந்து வேலை செய்யும் என் மனைவிதான் அதைப் பிடித்தாள். "இது டர்ர் இல்லைங்க, டக்குனு ஒரே அடி. வாஷிங் மெஷின் தண்ணி எடுத்து நிறுத்துறப்பதான் வருது." ஒரே கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு.

இதற்கு மேல் நம் கை வேலை இல்லை. இந்த மாதிரிக் குழாய் வேலைக்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் வேண்டும், ஹீட்டரின் நிலையான மின் இணைப்பைத் தொட எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எலெக்ட்ரிஷியன் வேண்டும். இதைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம், மேலே இருப்பது தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த பொருள். உங்கள் வீடு 1985 ஜூலைக்கு முன் கட்டியதென்றால், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பெட்டியில் இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம்.

நண்பர் ஒருவர் சொல்லி, செம்பவாங் பக்கம் இருக்கும் ஒரு பெரியவர் வந்தார். உரிமம் பெற்றவர், பல வருடமாக இதே வேலை. குறித்து வைத்த தாள்களைக் கொடுத்ததும் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார். ஏணியில் ஏறியவர் டேங்கைத் தட்டவில்லை. பாதுகாப்பு வால்விலிருந்து இறங்கும் மெல்லிய வடிகுழாயின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

"தம்பி, ஹீட்டர் போட்டா இதுல சொட்டுமா?"

"சொட்டினதே இல்லையே அண்ணே. நல்லதுதானே?"

"சொட்டணும். அதான் வேலையே."

விளக்கியும் சொன்னார். தண்ணீர் சூடானால் விரியும். 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் 25 லிட்டர் தண்ணீர் 300 மில்லிக்கு மேல் கூடும். டேங்குக்குள் போன தண்ணீர் வந்த வழியே திரும்பாமல் இருக்க, உள்ளே நுழையும் இடத்தில் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. அது ஒழுங்காக மூடினால், கூடுதல் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும், பாதுகாப்பு வால்வு லேசாகத் திறந்து சொட்டும். எங்கள் வடிகுழாய் உள்ளே தூசி படிந்து காய்ந்து கிடந்தது. ஒருவழி வால்வு மூடாததால், விரிந்த சுடுதண்ணீர் சத்தமில்லாமல் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பச்சைத் தண்ணீர்க் குழாயிலும் முதல் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். இந்த ஊர் வெயிலுக்கு எல்லாத் தண்ணீரும் அப்படித்தான் என்று யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

பெரியவர் அந்த வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். உள்ளே பத்துக் காசு அளவில் ஒரு பிளாஸ்டிக் வட்டு, அதன் பின்னால் மெல்லிய ஸ்பிரிங். வட்டின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்திருந்தது, ஸ்பிரிங்கில் தெம்பே இல்லை. முழு வேகத்தில் தண்ணீர் வந்தால் வட்டு நன்றாக விலகி நின்றுவிடும், சத்தம் வராது. பாதி வேகத்தில் நிற்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும். அழுத்தம் ஏறி இறங்கும் நேரத்தில் இன்னும் மோசம். அந்தப் படபடப்பைச் செம்புக் குழாய் டேங்குக்குக் கொண்டு போகிறது, டேங்கின் தகரமும் சீலிங் பலகையும் அதைப் பெரிதாக்குகின்றன. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் அந்தச் சின்ன வட்டின் வேலை.

ஒருவழி வால்வும் பாதுகாப்பு வால்வும் சேர்ந்த புது வால்வு ஒன்றைப் போட்டார். டேங்கை வடித்தபோது கொஞ்சம் பழுப்புக் கசடுதான் வந்தது, உப்புப் பொருக்கு எதுவும் இல்லை. கையோடு மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் உருவிப் பார்த்தார். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் கம்பி அது. எங்களுடையது பென்சில் முனை அளவுக்கு ஒல்லியாகியிருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். டேங்கின் ஆயுள் பெரும்பாலும் இந்தக் கம்பியின் கையில்தான் இருக்கிறது, ஆனால் விற்கும்போது யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

டேங்கை வடித்துவிட்டு மறுபடி நிரப்புகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, காற்றெல்லாம் புஸ் புஸ்ஸென்று வெளியேறி, தண்ணீர் சீராகக் கொட்டிய பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் கரண்ட் பாய்ந்தால் காயில் கருகிவிடும். அன்று சுவிட்சைப் போட்டுக் கால் மணி நேரத்துக்குள் வடிகுழாயில் முதல் சொட்டு விழுந்தது. தரைக்குத் தண்ணீர் போகிறதே, அடைத்துவிடலாமா என்று அம்மா கேட்டார். அதை மட்டும் எந்தக் காலத்திலும் செய்யாதீர்கள் என்று பெரியவர் குரலை உயர்த்திச் சொன்னார். அந்த வாயை அடைத்தால் ஏறுகிற அழுத்தம் டேங்கைத்தான் பதம் பார்க்கும்.

மிச்சமிருந்தது அந்த "டக்". வாஷிங் மெஷினுக்குள் இருக்கும் மின் வால்வு கண் இமைக்கும் நேரத்தில் மூடிவிடும். ஓடிவந்த தண்ணீர் சட்டென்று நிற்கும்போது அந்த வேகம் குழாய் முழுக்க அடியாகப் பாயும். சீலிங்குக்கு மேலே ஒரு குழாய்க் கிளிப் கழன்று, குழாய் டேங்கின் தாங்கு கம்பியில் தொட்டுக்கொண்டிருந்ததால் அந்த அடியும் ஹீட்டரிலிருந்து வருவது போலவே கேட்டிருக்கிறது. புதுக் கிளிப்பை ரப்பர் வைத்து இறுக்கினார், மெஷினுக்குப் போகும் குழாயைப் பாதி மூடினார். மெஷின் தண்ணீர் பிடிக்க இப்போது கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, அது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய துணிகளை அலசும்போது மட்டும் எப்போதாவது லேசாக ஒரு தட்டல் கேட்கிறது. அதிர்ச்சியைத் தாங்கும் ஒரு சின்ன உருளையை மெஷின் குழாயில் பொருத்தினால் அதுவும் போய்விடும் என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். எல்லாம் சேர்த்து ஆன செலவு, முதலில் வந்தவர் புது டேங்குக்குச் சொன்ன விலையில் பாதிகூட இல்லை.