11.2 வோல்ட்

மூன்று மாதமாக என் பழைய மேசைக் கணினி வேலையின் நடுவே திடீரென்று அணைந்துகொண்டிருந்தது. விண்டோஸ் பிழை காட்டும் நீலத்திரை வராது, எச்சரிக்கையும் வராது. ஓடிக்கொண்டிருக்கும், சட்டென்று இருண்டுவிடும். இரண்டொரு நொடியில் தானாகவே மறுபடி எழுந்துகொள்ளும்.

2011-இல் நானே அசெம்பிள் செய்த கணினி அது. கோர் ஐ5-2400 பிராசசர், எட்டு ஜிபி ராம், பிறகு சேர்த்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு அது மெதுவான கணினிதான். ஆனால் அதில் கூடுதல் கார்டு செருகும் பழைய பிசிஐ ஸ்லாட் இருக்கிறது, அந்த ஸ்லாட்டில் ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்புக்கான ஒரு கார்டு, அந்தக் கார்டில் என் ஃபிலிம் ஸ்கேனர். பெரியப்பா எடுத்த நெகட்டிவ் சுருள்கள் அறுபதுக்கு மேல் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமாக அதில்தான் ஸ்கேன் செய்கிறேன். "அண்ணா, அதை ஓரங்கட்டிட்டுப் புதுசு வாங்கிடு" என்றாள் தங்கை. ஸ்கேனரின் மென்பொருள் பழைய விண்டோஸில்தான் ஓடுகிறது. பாதிச் சுருள்கள் பாக்கி இருக்கும்போது அந்தக் கணினியைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஃபயர்வயர் கேபிளைச் சந்தேகப்பட்டு மாற்றினேன். அப்புறம் ராமைச் சந்தேகப்பட்டு அதைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் என்ற மென்பொருளை இரவு முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழைகூட இல்லை. பிராசசர் மேல் இருந்த தூசியைத் துடைத்து, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட்டேன். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ஒரே பதிவு: கெர்னல்-பவர் 41. கணினி முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

அணையும் நேரங்களை ஒரு தாளில் குறித்து வைக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஸ்கேனர் ஓடும்போது ஒருமுறைகூட அணையவில்லை. ஸ்கேன் முடிந்து, தூசிப் புள்ளிகளை நீக்கும் வேலையை மென்பொருள் ஆரம்பிக்கும்போது பிராசசரின் நான்கு கோர்களும் நூறு சதவீதத்துக்குப் போகும். அந்த நேரத்தில்தான் அணைந்தது. இன்னொன்றும் இருந்தது. காலையில் முதல் தடவை பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். இரண்டாவது, மூன்றாவது தடவைதான் கிளம்பும். ஒருமுறை சூடாகிவிட்டால் அன்று முழுக்க முதல் அழுத்தலிலேயே எழும்.

இந்த இரண்டும் சேர்ந்தால் எஸ்.எம்.பி.எஸ்-ஐத்தான், அதாவது கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியைத்தான், பார்க்க வேண்டும். அதனுள் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களில் ஒரு திரவம் உண்டு. வருடக்கணக்கான சூட்டில் அது மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. வற்றிய கெப்பாசிட்டர் குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசமாக வேலை செய்யும், சூடானால் கொஞ்சம் தேறும். மின்னழுத்தங்கள் நிலைபெற்ற பிறகு, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் 'பவர் குட்' என்ற சமிக்ஞையை எஸ்.எம்.பி.எஸ் மதர்போர்டுக்கு அனுப்ப வேண்டும். அது ஒழுங்காக வராவிட்டால் போர்டு கிளம்பாது.

எஸ்.எம்.பி.எஸ்ஸின் பெரிய கனெக்டரில் இருக்கும் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, விசிறி சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ் நன்றாக இருக்கிறது என்று பலர் முடிவு செய்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன், விசிறி அழகாகச் சுற்றியது. ஆனால் அந்தச் சோதனையில் சுமையே இல்லை. விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் அமைப்புத் திரை காட்டும் வோல்ட் எண்ணும் அப்படித்தான், அங்கே கணினி அநேகமாகச் சும்மா இருக்கிறது. வேலை செய்யும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். அதனால் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும், உபயோகத்தில் இல்லாத ஒரு மோலெக்ஸ் (நாலு பின்) கனெக்டரில் மல்டிமீட்டரைச் செருகினேன், சிவப்பு முனையை 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரிலும் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரிலும். கணினி சும்மா இருந்தபோது 11.87. தூசி நீக்கும் வேலையை ஓடவிட்டதும் 11.5, 11.3, 11.2. பிறகு இருட்டு. 12 வோல்ட்டில் ஐந்து சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது இந்த எஸ்.எம்.பி.எஸ் வந்த காலத்தின் ஏடிஎக்ஸ் (மேசைக் கணினிகளுக்கான பொது வரையறை) விதி, அதாவது 11.40-க்குக் கீழே போகக் கூடாது. மூன்று மாதத் தேடல் அந்த எண்ணில் முடிந்தது.

கழற்றிய பிறகு பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் லேபிளை நிதானமாகப் படித்தேன். 2011-இல் படிக்கவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். மேலே பெரிதாக 450 வாட் என்று இருக்கிறது. கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர், அதாவது 216 வாட். மீதியெல்லாம் 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் ஒதுக்கியது. தொண்ணூறுகளின் கணினிகளுக்கு அது பொருந்தும். பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்றே தனியாக நாலு பின் 12 வோல்ட் கனெக்டர் சேர்த்தார்கள். அதிலிருந்து பிராசசர், கிராபிக்ஸ் கார்டு என்று பெரிய பசிக்காரர்கள் எல்லாம் 12 வோல்ட்டில்தான் சாப்பிடுகிறார்கள். என் பிராசசருக்கு 95 வாட், கார்டுக்கு 60, மேலே டிஸ்க்குகள், விசிறிகள், போர்டு. புதிதாக இருந்தபோதே அந்த 216-இல் பெரிய இடைவெளி இருந்திருக்காது. எஸ்.எம்.பி.எஸ் வாங்குபவர்கள் பெரிய எண்ணை விட்டுவிட்டு அந்தச் சின்னக் கட்டத்தைப் பாருங்கள். இதற்குப் பதிலாக நான் வாங்கிய புதியதிலும் 450 வாட்தான் போட்டிருக்கிறது, ஆனால் 12 வோல்ட்டில் 36 ஆம்பியர், 432 வாட்.

மாற்றுவது ஒரு மணி நேர வேலை. முதலில் எல்லா ஒயர்களையும் போட்டோ எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தேன், போர்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக. மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டர் இத்தனை வருடத்தில் இறுகிப்போயிருந்தது. அதன் கொக்கியை அழுத்திக்கொண்டு, மதர்போர்டு வளையாமல் மறு கையால் தாங்கி, மெதுவாக இடமும் வலமும் ஆட்டி எடுத்தேன். பிராசசர் பக்கத்தில் இருக்கும் நாலு பின் கனெக்டருக்கு விரல் போகவே இல்லை. பிராசசரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க் விசிறியைக் கழற்றித்தான் எடுக்க முடிந்தது. புதியதில் அந்த ஒயர் நாலும் நாலுமாகப் பிரியும் எட்டுப் பின். ஒரு பாதியை மட்டும் செருகினால் போதும்.

புதியதில் சில கேபிள்களைக் கழற்றி மாட்டலாம். பெட்டியில் வந்த, டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கேபிள் எனக்குக் கொஞ்சம் குட்டை. வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸோடு வந்த நீளமான கேபிள் அலமாரியில் இருந்தது, எடுத்துப் பார்த்தால் அச்சாகப் பொருந்தும் போலிருந்தது. அதை அப்படியே திருப்பி வைத்தேன். டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுவான வரையறை இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ் பக்கத்து முனையை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அமைக்கிறார்கள். 5 வோல்ட் போக வேண்டிய பின்னில் 12 வோல்ட் போனால் டிஸ்க் அந்த நொடியே போய்விடும், அதில் இருக்கும் ஸ்கேன்களும் கூட. தயவுசெய்து இந்தத் தவறை யாரும் செய்ய வேண்டாம். நான் ஒரு டிஸ்க்கை ஒரு தட்டு கீழே இறக்கி மாட்டிக்கொண்டேன்.

கேபினட் திறந்திருக்கும்போதே பயாஸ் பேட்டரி சிஆர்2032-ஐயும் மாற்றினேன். முதல் அழுத்தலிலேயே எழுந்தது. தேதியைச் சரிசெய்து, அதே ஃபிரேமில் அதே தூசி நீக்கும் வேலையை ஓடவிட்டு, அதே மோலெக்ஸில் அளந்தேன். சும்மா இருக்கும்போது 12.11, முழுச் சுமையில் 12.06. அன்று மாலைக்குள் ஒரு முழுச் சுருளை, 36 ஃபிரேமையும், இடையில் ஒருமுறைகூட நிற்காமல் முடித்தேன்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. திறந்து அவற்றை மட்டும் மாற்றலாமே என்று கேட்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். முறையாகப் பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை அது. ஒயர்களைச் சுருட்டிக் கட்டி, 'பழுது, திறக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டி, மின்கழிவுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.